கொல்கத்தாவைக் காணும் வழி: பொதுப் போக்குவரத்தும் பயணியும்

சுற்றுலா வளர்ச்சி பற்றிப் பேசும்போது விடுதிகள், விமான நிலையங்கள், வாடகைக் கார்கள் ஆகியவையே பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஆனால் நம் நாட்டில் ஊர் பார்க்கப் புறப்படுவோரில் பெரும்பான்மையோர் அளவான வருவாய் உள்ளவர்கள். விடுமுறைப் பயணச் சலுகையில் குடும்பத்துடன் செல்லும் ஊழியர், கோயில்களைத் தரிசிக்கச் செல்லும் முதியோர், கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர் ஆகியோர் அவர்கள். இரண்டாம் வகுப்பு ரயிலில் ஆயிரம் மைல் கடந்து வரும் இவர்கள், நகரத்தின் உள்ளே பத்து மைல் செல்வதற்கு ரயில் கட்டணத்தைவிட மிகுதியாகச் செலவிட நேர்வதுண்டு. நகரத்தின் பொதுப் போக்குவரத்து எளிதாகவும் விளங்கும்படியும் அமைந்தால்தான் சுற்றுலா சாதாரண மக்களுக்கும் உரியதாகும். இந்த உண்மையை ஆராய்வதற்குக் கொல்கத்தாவைப் போன்ற மற்றொரு நகரம் இல்லை. டிராம், பேருந்து, நிலத்தடி ரயில், புறநகர் ரயில், ஆற்றுப் படகு ஆகிய ஐந்தும் ஓடிய, இன்றும் ஒரு கட்டணச் சீட்டின் விலையில் நகரத்தின் பெரும்பகுதியைக் காட்டக்கூடிய மாநகரம் அது.

ஆறு வகுத்த அமைப்பு

கொல்கத்தாவின் போக்குவரத்தைப் புரிந்துகொள்ள முதலில் அதன் நில அமைப்பை அறிதல் வேண்டும். ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது நகரம். மேற்குக் கரையில் ஹௌரா. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை முதல் ரயில் ஓடியது. தென்னாட்டிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் பலவும் மேற்குக் கரையிலேயே முடிவுற்றன. கிழக்கு வங்கத்திலிருந்தும் வடக்கு வங்கத்திலிருந்தும் வந்த பாதைகள் கிழக்கே சியால்தாவில் முடிவுற்றன. இரு பெரும் ரயில் முனையங்களுக்கு இடையே ஆறும், நெருக்கமான வணிகப் பகுதியும் நின்றன. இவ்விரண்டையும் இணைப்பதே ஒன்றரை நூற்றாண்டாக இந்நகரத்தின் போக்குவரத்துச் சிக்கலாக இருந்து வருகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 45 லட்சம் மக்களும், பெருநகரப் பகுதி முழுவதிலும் 1 கோடியே 41 லட்சம் மக்களும் வாழ்ந்தனர். இத்தனை மக்களுக்கும் போதுமான சாலைப் பரப்பு இங்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. அகலம் குறைந்த சாலையில் நான்கு பேரை ஏற்றிச் செல்லும் காரும் அறுபது பேரை ஏற்றிச் செல்லும் பேருந்தும் இடத்திற்குப் போட்டியிடுகின்றன. ஆகவே இங்குப் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் பயணி தம் பணத்தை மட்டுமன்றி நகரத்தின் இடத்தையும் மிச்சப்படுத்துகிறார் எனலாம்.

டிராமின் வரலாறு

1873ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சியால்தாவிலிருந்து ஆற்றங்கரையில் உள்ள ஆர்மீனியன் கட்டம் வரை, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவுக்குக் குதிரைகள் இழுத்த டிராம் ஓடியது. ரயில் முனையத்தையும் ஆற்றுத் துறையையும் இணைக்கும் முதல் முயற்சி அது. அதே ஆண்டு நவம்பரில் அது நின்றுபோயிற்று. 1880இல் கல்கத்தா டிராம் கம்பெனி லண்டனில் பதிவு செய்யப்பட்டது. குதிரை டிராம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 1902ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து கித்தர்ப்பூர் வரை மின்சார டிராம் ஓடிற்று.

சென்னையில் 1895இல் தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நிறுத்தப்பட்டது. பம்பாயில் 1964இல் அது மறைந்தது. கல்கத்தா மட்டும் டிராமைக் கைவிடவில்லை. 1953இல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியபோது நகரமே கொந்தளித்தது. ஏழை மக்களின் அன்றாட வாழ்வோடு டிராம் எவ்வளவு பிணைந்திருந்தது என்பதற்கு அந்தக் கிளர்ச்சியே சான்று. 1967இல் நிர்வாகம் அரசின் பொறுப்புக்கு வந்தது. 1976இல் நிறுவனம் நாட்டுடைமையாயிற்று.

அதன் பின்னர் தேய்வு தொடங்கியது. 1943இல் ஹௌரா பாலம் திறக்கப்பட்டபோதே அதன் மீது டிராம் சென்றது. 1993இல் பாலத்தின் மீது டிராம் ஓடுவது நின்றது. மேம்பாலங்கள் கட்டப்பட்டபோதும், நிலத்தடிப் பணிகள் நடந்தபோதும் நிறுத்தப்பட்ட பல தடங்கள் மீண்டும் திறக்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், எஸ்பிளனேட்–மைதான் பகுதியில் பாரம்பரியச் சின்னமாக ஓடும் சிறு தடம் நீங்கலாக டிராம் சேவையை முடித்துக்கொள்ளப் போவதாக மாநில அரசு அறிவித்தது. இது நீதிமன்றத்தின் முன்னும் மக்கள் மன்றத்திலும் விவாதப் பொருளாயிற்று. எனவே டிராமில் செல்ல விரும்பும் பயணி, அன்றைக்கு எத்தடம் ஓடுகிறது என்பதை எஸ்பிளனேட் நிலையத்தில் கேட்டறிந்த பின்னரே புறப்படுதல் நலம். மைதானத்தின் மரநிழலில் புல்வெளியின் ஊடே செல்லும் அந்தச் சிறு பயணம், வேகம் கருதாதவர்க்கு இன்றும் பயனுள்ளது.

நிலத்தின் அடியில் ஒரு பாதை

மேலே இடமில்லாத நகரம் கீழே வழி தேடியது. நிலத்தடி ரயில் பற்றிய ஆய்வு 1949ஆம் ஆண்டிலேயே, டாக்டர் பி.சி. ராய் முதலமைச்சராக இருந்தபோது, பிரெஞ்சு வல்லுநர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. 1969இல் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் பெருநகரப் போக்குவரத்துத் திட்ட அமைப்பு நிறுவப்பட்டது. சோவியத் வல்லுநர்களின் துணையுடன் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

வண்டல் மண்ணில், நீர்மட்டம் மிக உயர்ந்த நிலத்தில், நெரிசல் மிக்க சாலைகளைத் தோண்டி, சுவர் எழுப்பி, மேலே மூடும் முறையில் பணி நடந்தது. பல ஆண்டுகள் நகரத்தின் முக்கியச் சாலைகள் பள்ளங்களாகவே கிடந்தன. 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேட் முதல் பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுத்தடமும் திறக்கப்பட்டது 1995ஆம் ஆண்டு செப்டம்பரில். அடிக்கல் நாட்டியதிலிருந்து ஏறத்தாழ 23 ஆண்டுகள் கடந்திருந்தன. நகரவாசிகள் பட்ட இன்னலுக்கு அது நீண்ட காலமே. ஆயினும் வடக்குத் தெற்காக நீண்ட நகரத்தின் முதுகெலும்பாக அத்தடம் இன்று விளங்குகிறது. வடக்கே 2013இல் நோவாபாரா வரையும், 2021 பிப்ரவரியில் தட்சிணேசுவரம் வரையும் அது நீண்டது. தெற்கே 2010இல் கவி சுபாஷ் வரை நீட்டப்பட்டது. 2025 ஜூலையில் அந்த நிலையத்தின் தூண்களில் விரிசல் காணப்பட்டதால் அது மூடப்பட்டது.

நீலத் தடம் எனப்படும் இப்பாதையின் நிலையங்களை வரிசையாக அறிந்துகொண்டாலே நகரத்தின் பாதியைக் கண்டுவிடலாம். காளிகாட் நிலையத்தில் இறங்கினால் காளி கோயிலுக்கு நடந்தே செல்லலாம். தென்னிந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியும் அருகிலேயே உள்ளது. ரவீந்திர சதன் நிலையம் விக்டோரியா நினைவு மாளிகைக்கு உரியது. அந்நிலையத்தின் சுவர்களைத் தாகூரின் கையெழுத்துப் படிகளின் உருவங்கள் அணி செய்கின்றன. 1814இல் நிறுவப்பட்ட இந்திய அருங்காட்சியகம் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தின் அருகில் உள்ளது. மகாத்மா காந்தி ரோடு நிலையத்திலிருந்து புத்தகக் கடைகள் நிறைந்த காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கும், கிரீஷ் பார்க் நிலையத்திலிருந்து தாகூர் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்திற்கும், ஷோபாபஜார் நிலையத்திலிருந்து களிமண்ணால் துர்க்கையின் உருவங்களை வனையும் குமார்துலிக்கும் செல்லலாம். தட்சிணேசுவரத்தில் ராணி ராஸ்மணி எழுப்பி 1855இல் குடமுழுக்குக் கண்ட காளி கோயில் உள்ளது.

ஆற்றைக் கடந்த சுரங்கம்

1873இல் தொடங்கிய முயற்சி நிறைவு பெற்றது பச்சைத் தடத்தில்தான். ஹௌரா மைதானத்திலிருந்து உப்பு ஏரி நகரத்தின் ஐந்தாம் பிரிவு வரை செல்லும் இந்தக் கிழக்கு–மேற்குத் தடத்தின் முதல் பகுதி 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஹௌரா மைதானத்திற்கும் எஸ்பிளனேடுக்கும் இடைப்பட்ட பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஹூக்ளி ஆற்றின் அடியில் 520 மீட்டர் நீளத்திற்குச் சுரங்கம் செல்கிறது. ஆற்றின் அடியில் மெட்ரோ ரயில் ஓடுவது இந்தியாவில் இதுவே முதன்முறை. ரயில் ஆற்றைக் கடக்க ஒரு நிமிடமும் ஆவதில்லை.

இந்த வசதிக்கும் விலை தர வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் போபஜார் பகுதியில் சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உட்புகுந்து மண் சரிந்தது. மேலே இருந்த பழைய வீடுகள் இடிந்தன. பல குடும்பங்கள் உடுத்திய உடையுடன் வெளியேற நேர்ந்தது. இதனால் தாமதமான எஸ்பிளனேட்–சியால்தா பகுதி 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் திறக்கப்பட்டது. ஹௌராவும் சியால்தாவும் ஒரே தண்டவாளத்தில் இணைந்தன. பெட்டி படுக்கைகளுடன் இரு முனையங்களுக்கு இடையே அலைந்த வெளியூர்ப் பயணிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அதே நாளில் நோவாபாராவிலிருந்து விமான நிலையம் வரை மற்றொரு தடமும் திறக்கப்பட்டது.

ஆறே சாலையாக

பயணிகள் பலரும் அறியாமல் விட்டுவிடுவது ஆற்றுப் படகு. ஹௌரா நிலையத்தின் எதிரே உள்ள துறையிலிருந்து பாபுகாட், ஃபேர்லி, ஆர்மீனியன் கட்டம், ஷோபாபஜார், பாக்பஜார் முதலிய துறைகளுக்கு இயந்திரப் படகுகள் செல்கின்றன. கூட்டுறவுச் சங்கமும் மாநிலப் போக்குவரத்து நிறுவனமும் இவற்றை இயக்குகின்றன. அலுவலகம் செல்வோர் நாள்தோறும் பயன்படுத்தும் படகுகள் இவை. கட்டணம் மிகக் குறைவு, சாலை நெரிசல் இல்லை, காற்றோட்டம் உண்டு. மேலும், 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தை முழு உருவில் காண்பதற்கு ஆற்றின் நடுவைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஏறத்தாழ 26,500 டன் எஃகு கொண்டு, திருகாணிகள் இன்றிக் கடாவு ஆணிகளாலேயே இணைக்கப்பட்ட பாலம் அது. அந்த எஃகில் மிகப் பெரும் பகுதி ஜாம்ஷெட்பூரில் வார்க்கப்பட்டது. 1965இல் அதற்கு ரவீந்திர சேது எனப் பெயரிடப்பட்டது.

படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் கருத்து வேண்டும். வற்று நீரிலும் ஏற்ற நீரிலும் மிதவைத் துறையின் மட்டம் மாறும். படகு துறையில் கட்டப்படும் வரை விளிம்பில் நிற்றலாகாது. குழந்தைகளின் கையை விடாதிருத்தல் வேண்டும்.

வட்ட ரயிலும் பேருந்தும்

ஆற்றங்கரையை ஒட்டி ஓடும் வட்ட ரயில் 1984இல் தொடங்கப்பட்டது. பாக்பஜார், ஷோபாபஜார், பி.பி.டி. பாக், ஈடன் கார்டன், பிரின்செப் கட்டம் ஆகிய நிலையங்கள் இதில் உள்ளன. வண்டிகளின் எண்ணிக்கை குறைவாதலால் நேர அட்டவணையைப் பார்த்துச் செல்வதே முறை.

மெட்ரோவும் படகும் சேராத இடங்களுக்குப் பேருந்தே துணை. 1948இல் அரசுப் பேருந்துச் சேவை தொடங்கியது. அரசுப் பேருந்து, டிராம், நீர்வழி ஆகிய மூன்று நிறுவனங்களும் 2016இல் ஒரே கழகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. தனியார் பேருந்துகளும் சிற்றுந்துகளும் மிகப் பல. சிற்றுந்துகள் பெரும்பாலும் ஹௌராவையோ, முன்னர் டல்ஹௌசி சதுக்கம் எனப்பட்ட பி.பி.டி. பாக்கையோ ஒரு முனையாகக் கொண்டு செல்கின்றன. நடத்துநர் படியில் நின்றபடி ஊர்களின் பெயர்களை உரக்கக் கூவுவார். பலகைகளில் பெரும்பாலும் வங்க எழுத்தே காணப்படும். படிக்கத் தெரியாதவர் இடத்தின் பெயரைச் சொல்லி “ஜாபே?” (போகுமா?) என்று கேட்டால் போதும், இறங்க வேண்டுமெனில் “நாம்போ” எனலாம். இந்த இரண்டு சொற்களும் பல நேரங்களில் வரைபடத்தைவிட மிகுதியாக உதவும்.

ஒரு நாளைய பயணம்: எடுத்துக்காட்டு

இவை அனைத்தும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தும் என்பதை ஒரு நாள் பயணத்தைக் கொண்டு விளக்கலாம். சென்னை–ஹௌரா மெயிலில் வந்து ஹௌராவில் தங்கும் ஒரு குடும்பத்தைக் கருதுக. காலையில் ஹௌரா மெட்ரோ நிலையத்திலிருந்து பச்சைத் தடத்தில் எஸ்பிளனேடை அடைந்து, அங்கு நீலத் தடத்திற்கு மாறித் தட்சிணேசுவரம் செல்லலாம். சில ரயில்கள் இடையிலேயே நின்றுவிடும். ரயிலின் முகப்பில் உள்ள பெயரைக் கவனித்து ஏறுதல் வேண்டும். தரிசனம் முடிந்ததும் கோயில் துறையிலிருந்து படகில் மறுகரையில் உள்ள பேலூர் மடத்தை அடையலாம். 1898இல் சுவாமி விவேகானந்தர் அமைத்த இம்மடம் நண்பகலில் மூடப்படும். ஆகவே முற்பகலிலேயே இரண்டையும் முடித்துக்கொள்வது இன்றியமையாதது. அங்கிருந்து பேருந்தில் ஹௌரா திரும்பி, உணவருந்தி, படகில் பாபுகாட் சென்றால் பிற்பகலில் இந்திய அருங்காட்சியகத்தையும் விக்டோரியா நினைவு மாளிகையையும் பார்க்கலாம். திங்கட்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை என்பதை முன்னரே மனத்தில் கொள்ளல் வேண்டும். மாலையில் ரவீந்திர சதனிலிருந்து காளிகாட் சில நிமிடப் பயணமே. இரவில் மீண்டும் எஸ்பிளனேட் வழியாக ஹௌரா திரும்பலாம்.

நாள் முழுவதும் மெட்ரோ, படகு, பேருந்து ஆகிய மூன்றிலும் ஒருவர் செலவிடும் தொகை, வாடகைக் காரில் ஒருமுறை ஆற்றைக் கடக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். 

நேரமும் நடைமுறையும்

பொதுப் போக்குவரத்து முதலில் உழைப்பவருக்கு உரியது என்பதைப் பயணி மறத்தலாகாது. காலை 9 முதல் 11 மணி வரையும், மாலை 5 முதல் 8 மணி வரையும் அலுவலகம் செல்வோரும் திரும்புவோரும் நிறைந்திருப்பர். அந்நேரத்தில் பெரிய பெட்டிகளுடன் ஏறினால் இரு தரப்பாருக்கும் தொல்லை. சற்று முன்னோ பின்னோ புறப்பட்டால் அமர இடமும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ காலையில் தாமதமாகத் தொடங்கும், வண்டிகளும் குறைவு. பேருந்துகளில் பெண்களுக்கென இருக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. புறநகர் ரயில்களில் பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உள்ளன. சில்லறைக் காசு கையில் வைத்திருப்பது பேருந்திலும் படகிலும் பயன்படும். சில நாட்கள் தங்குவோர் மெட்ரோவில் மின்னணுக் கட்டண அட்டை பெற்றுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வேண்டுவதில்லை. துர்க்கா பூசை நாட்களில் மெட்ரோ இரவிலும் ஓடுவதுண்டு. கூட்டம் அளவு கடந்தது ஆதலால் முதியோரும் குழந்தைகளும் பகலில் செல்வதே நன்று.

இணைப்பே இன்றைய தேவை

தனித்தனியாக நோக்கினால் கொல்கத்தாவில் குறையொன்றும் இல்லை எனத் தோன்றலாம். குறை இருப்பது இணைப்பில். மெட்ரோவுக்கு ஒரு சீட்டு, பேருந்துக்கு மற்றொன்று, படகுக்கு வேறொன்று. மெட்ரோவை நடத்துவது ரயில்வே. 2010 டிசம்பரில் அது இந்திய ரயில்வேயின் தனி மண்டலமாக அறிவிக்கப்பட்டது. பேருந்தும் படகும் மாநிலத்தின் பொறுப்பு. ஒரு துறையின் நிலையத்தில் மற்றத் துறையின் வழிகளைக் காட்டும் பலகை அரிது. சென்னையிலிருந்து வரும் கோரமண்டல் விரைவு ரயில் இன்று ஹௌராவில் அன்றி ஷாலிமாரில் முடிவடைகிறது. அதன் வாயிலில் மெட்ரோ இல்லை. ஆகவே இரவு நெடும்பயணம் முடித்து இறங்கும் பயணி, அங்கு எப்பேருந்து எங்குச் செல்லும் என்று அறியாமல் கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டியவராகிறார். நூறு கோடி ரூபாயில் சுரங்கம் அமைப்பதோடு, சில ஆயிரம் ரூபாயில் ஒரு தெளிவான பலகை வைப்பதும் வளர்ச்சிப் பணியே.

டிராமின் எதிர்காலமும் இதனோடு சேர்ந்ததே. அது சாலையை அடைக்கிறது என்பது ஒரு தரப்பின் வாதம். புகையின்றி, எளிய கட்டணத்தில், வயது முதிர்ந்தோரும் ஏறக்கூடிய வண்டி அது என்பது மறுதரப்பின் வாதம். காட்சிப் பொருளாக ஒரு சிறு தடத்தை மட்டும் வைத்திருந்தால் பயணி புகைப்படம் எடுப்பார். ஆனால் வடக்கு நகரத்தின் சந்துகளில் வாழும் முதியவருக்கு அதனால் பயனில்லை. மெட்ரோ நிலையங்களுக்கு மக்களைக் கொண்டுவந்து சேர்க்கும் துணைத் தடங்களாக டிராமைப் பயன்படுத்த இயலுமா என்பது பொருளாதார அடிப்படையில் ஆராயத் தக்கது. மூடிய தடத்தை மீண்டும் திறப்பது, இருப்பதைக் காப்பதைவிடப் பன்மடங்கு செலவு பிடிக்கும் என்பதையும் கருத வேண்டும்.

உள்ளூர் மக்களுக்குப் பயன்படாத போக்குவரத்து, சுற்றுலாப் பயணிக்கும் நெடுங்காலம் பயன்படாது. உள்ளூர் மக்களுக்கு நன்கு அமைந்த போக்குவரத்து, வெளியூராருக்குத் தானாகவே வழிகாட்டும். ஒரே சீட்டு, பல மொழிப் பலகை, முனையங்களில் சரியான தகவல் ஆகிய மூன்றும் அமைந்தால் கொல்கத்தா, இந்தியாவின் பிற பெருநகரங்களுக்கும் ஒரு பாடமாக விளங்கும். அதுவரை, நிலையங்களின் பெயர்களை முன்னரே அறிந்து, உழைப்பவரின் நேரத்தை மதித்து, மெட்ரோவையும் படகையும் பேருந்தையும் மாறி மாறிப் பயன்படுத்தும் பயணிக்கு அம்மாநகரம் குறைந்த செலவில் நிறைந்த காட்சியைத் தருகிறது.